கருமணல் எண்ணும் மாடல்: வீட்டில் 97%, சின்னவிளையில் 61%

மண்டைக்காட்டுக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படித்தது எம்.எஸ்சி. ஜியாலஜி. பிழைப்பு, போர்வெல்லுக்கு இடம் பார்த்துச் சொல்வது. வாரத்தில் ஆறு நாள் நிலத்தின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி மீட்டரையும் நாலு கம்பியையும் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டம், வாழைத் தோட்டம் என்று அலைச்சல். ஞாயிறு மட்டும்தான் எனக்கு. அந்த ஞாயிறையும் ஒரு வருஷமாகக் கருமணல் தின்றுகொண்டிருக்கிறது.

ஊர் கன்னியாகுமரி மாவட்டம். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தால் பத்து நிமிஷம். எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அடித்து ஓய்ந்த மறுநாள் எங்கள் கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை மணலை அலை வாரிக்கொண்டு போயிருக்கும். கனமான மணல் மட்டும் நகராமல் கருப்பும் செம்மையுமாகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். எந்தக் கரையில் எந்தக் கனிமம் எவ்வளவு, மாதத்துக்கு மாதம் அது எப்படி மாறுகிறது என்று கணக்கெடுக்க ஆசை. இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட், கூடவே குவார்ட்ஸ். மொத்தம் ஏழு வகை.

கல்லூரியில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ஸ்லைடுக்கு 300 துகள் எண்ணுவோம். இப்போது மைக்ரோஸ்கோப் இல்லை, போன் இருக்கிறது. போன் கேமராவில் மாட்டும் கிளிப் லென்ஸ் ஒன்று வாங்கினேன். மணலை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, சிரட்டையில் போட்டுச் சுழற்றிச் சுழற்றிக் கழுவி, காயவைத்து, அரிப்பில் சலித்து, வெள்ளை டைலில் தூவிப் படம் எடுப்பேன். (அரிப்பு அம்மாவுடையது. இடியாப்பம் பல்லில் கடிக்கிறது என்று அப்பா ஒரு நாள் சொன்னதிலிருந்து எனக்குத் தனி அரிப்பு.)

மணவாளக்குறிச்சி, முட்டம், கடியப்பட்டணம் என்று மூன்று கரைகளில் 12 சாம்பிள். சாம்பிளுக்கு ஆறு படம். படத்துக்கு அறுபது எழுபது துகள். ஒவ்வொரு துகளையும் தனித்தனியாக வெட்டி, இது இன்னது என்று ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பெயர் வைத்தேன். எல்லாமாக 4,700 துகள். கூகுள் கோலாபில் (இணையத்திலேயே நிரல் ஓட்டும் இடம்) ரெஸ்நெட்-18 என்ற, படத்தைப் பார்த்து வகை சொல்லும் மாடலைப் பழக்கினேன். எண்பது பங்கு பயிற்சிக்கு, இருபது பங்கு சோதனைக்கு, குலுக்கிப் பிரித்தது. 97% சரி என்று வந்தது. அன்றைக்கு நண்பர்களுக்கு என் செலவில் டீயும் பழம்பொரியும்.

போன வாரம் சின்னவிளையில் ஒரு பிடி மணல் எடுத்தேன். மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்தான், நடந்தே போகலாம். 400 துகளுக்கு முதலில் நானே பெயர் வைத்துவிட்டு, அப்புறம் மாடலிடம் கொடுத்தேன். 61%. கார்னெட்டை மோனசைட் என்கிறது, சிர்க்கானை குவார்ட்ஸ் என்கிறது. ரூட்டைல் பற்றி பேசவே வேண்டாம்.

என் மேல் தப்பா, மாடல் மேல் தப்பா? நம் துறைக்காரர்கள் இந்த மாதிரி வேலைக்கு வேறு என்ன கருவிகள் பயன்படுத்துகிறீர்கள்?

---

கோட்டாறு கோடர்:

அண்ணே, 4,700 படம் ரொம்பக் கம்மி. படத்தைத் திருப்பியும் சாய்த்தும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தும் பெருக்கிக்கொள்ளுங்கள். இதை விடப் பெரிய ரெஸ்நெட்-50க்கு மாறிப் பாருங்கள். எனக்கு மணல் தெரியாது, மாடல் மட்டும் தெரியும்.

---

தக்கலைக்காரி:

தம்பி, பெரிய மாடலுக்கு ஓடாதீர்கள். அது இன்னும் நன்றாக மனப்பாடம் செய்யும், அவ்வளவுதான்.

நான் பெங்களூரில் செயற்கைக்கோள் படங்களோடு மல்லுக்கட்டுகிறவள். இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். நீங்கள் குலுக்கிப் பிரித்தது துகள்களை. ஒரே படத்தில் இருந்த 65 துகளில் 52 பயிற்சிக்கும் 13 சோதனைக்கும் போயிருக்கும். ஒரே டைல், ஒரே வெளிச்சம், ஒரே நாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஆனால் அடுத்த வீட்டுப் பானைக்கு அது பதமாகாது. உங்கள் 97% உங்கள் பானைக்கு மட்டும். 61தான் உண்மையான மதிப்பெண். அதைக் கண்டுபிடிக்க நீங்களே சின்னவிளைக்குப் போனீர்கள் பாருங்கள், பலர் அதைச் செய்யாமலேயே கட்டுரை எழுதிவிடுகிறார்கள்.

சைகிட்-லேர்ன் என்ற பைதான் தொகுப்பில் குரூப்-கே-ஃபோல்டு என்று ஒன்று உண்டு. எந்தத் துகள் எந்த சாம்பிளைச் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் கொடுத்தால், ஒரு சாம்பிளை முழுசாக ஒரே பக்கம் வைக்கும். உங்களுக்கு சாம்பிள் கூடப் போதாது, கரையையே குழுவாக வையுங்கள். முட்டத்தை மொத்தமாக மறைத்துவிட்டு மற்றதில் பழக்கி முட்டத்தில் சோதியுங்கள். அப்புறம் கடியப்பட்டணத்தை மறையுங்கள். இடம் சார்ந்த எந்தத் தரவுக்கும் இதுதான் முறை. புவியீர்ப்பு, காந்தப்புல அளவீடு மாதிரி வரைபடத்தில் பரவிய புள்ளிகள் என்றால், வெர்டே என்ற பைதான் தொகுப்பு இடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துச் சோதிக்கும். உங்கள் போர்வெல் தரவுக்கு என்றாவது உதவும்.

இது எண்ணெய்க் கிணற்றுக்காரர்களும் பட்ட பாடுதான். 2016இல் பிரெண்டன் ஹால் என்பவர் கான்சஸ் மாநிலத்தின் எரிவாயு வயல் கிணற்றுப் பதிவுகளைப் பொதுவில் வைத்து ஒரு போட்டி நடத்தினார். காமா கதிர், மின்தடை மாதிரி அளவீடுகளை வைத்து ஒன்பது பாறை வகைகளில் இது எது என்று கணிக்க வேண்டும். யாரும் பார்க்காத கிணறுகளில்தான் மதிப்பெண். உலகம் முழுக்க ஆட்கள் மோதியும், ஜெயித்த அணி எடுத்த எஃப்-1 மதிப்பெண் (முழு மதிப்பெண் 1) சுமார் 0.64. அதுவும் ஆழ் நரம்பு வலை எதுவும் இல்லை, முடிவு மரங்களை அடுக்கிய பூஸ்டிங் முறை. தரவும் எல்லாருடைய நிரல்களும் இன்னும் கிட்ஹப்பில் கிடக்கின்றன. ஒரு மழை நாளில் எடுத்துப் பாருங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

அப்புறம் துகளைக் கையால் வெட்டினேன் என்கிறீர்களே, பாவம். செக்மென்ட்-எவ்ரி-கிரெய்ன் என்று ஒரு பைதான் தொகுப்பு, இலவசம். முதலில் ஒரு யு-நெட் மாடல் துகள் எங்கெங்கே இருக்கும் என்று தோராயமாகச் சொல்லும். அந்த இடங்களைக் குறிப்பாகக் கொடுத்தால், மெட்டா 2023இல் வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் மாடல் துகளின் ஓரத்தைச் சுத்தமாக வரைந்து தரும். ஆற்றுக் கூழாங்கல்லுக்கும் வரும், மணலுக்கும் வரும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு துகளைப் பிரிப்பதில் நம் பழைய ஓப்பன்-சிவி (படங்களைக் கையாளும் நிரல் தொகுப்பு) வித்தைகளை விட ரொம்ப மேல். நீளம், அகலம், பரப்பு எல்லாம் அட்டவணையாக வரும். அது கனிமத்தின் பெயரைச் சொல்லாது, அந்த வேலை உங்களுடையது.

கேட்காமலே இன்னொன்று. கரை மாறுவதையும் பார்க்க வேண்டும் என்றால் கோஸ்ட்சாட். லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களை கூகுள் எர்த் எஞ்சினிலிருந்து எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் மணலா, நீரா, நுரையா, வேறு ஏதாவதா என்று ஒரு சின்ன நரம்பு வலையால் பிரித்து, முப்பது வருஷத்துக் கரைக்கோட்டை வரைந்து தரும். நான் சும்மா எங்கள் அம்மா ஊர்க் கரைக்கு ஓட்டிப் பார்த்தேன். கரை பாதி இடத்தில் காணோம்! கருமணலைத் தண்ணீர் என்று நினைத்துவிட்டது. அமைப்புகளில் மணல் நிறம் என்று ஒரு இடம் உண்டு, அதை 'டார்க்' என்று மாற்றினேன். கோடு ஓரளவு சரியாக உட்கார்ந்தது. இன்னொரு வம்பு, கடல் கரையைத் தின்கிற ஜூன், ஜூலையில் நம் வானம் முழுக்க மேகம். படமே கிடைக்காது. திருடன் வருகிற நேரம் பார்த்துத் தூங்குகிற கேமரா. தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடும் கல் சுவர்) போட்ட இடங்களில் இரண்டு பக்கமும் கரை எப்படி மாறியது என்று பார்க்க மட்டும் இது நல்ல கருவி, பத்து மீட்டர் முன்பின் இருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால்.

---

பழைய சுத்தியல்:

மக்கா, முப்பது வருஷத்துக்கு மேல் கல் உடைத்துவிட்டு இப்போது வீட்டில் கிடக்கிறவன் எழுதுகிறேன். மாடல் பற்றி அந்தப் பிள்ளை சொன்னதே போதும். நான் மணலைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் தப்பு சிரட்டையிலேயே நடந்திருக்கிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. சில்லிமனைட் 3.2. சிர்க்கானும் இல்மனைட்டும் 4.6, 4.7 என்று போகும், மோனசைட் 5ஐத் தொடும். சிரட்டையில் சுழற்றும்போது இல்மனைட் அடியில் தங்கும், குவார்ட்ஸ் வழியும், சில்லிமனைட்டில் பாதி குவார்ட்ஸோடு சேர்ந்து வாய்க்காலுக்குப் போயிருக்கும். எங்களுக்கு ஆய்வகத்தில் புரோமோஃபார்ம் உண்டு. அதன் அடர்த்தி 2.89, குவார்ட்ஸ் மிதக்கும், மற்றதெல்லாம் அமிழும். அது நச்சு, வீட்டில் அதைத் தொடாதே. நீ செய்ய வேண்டியது, கழுவாத மணலிலும் ஒரு பங்கை எடுத்து வைத்து அதையும் எண்ணு. அப்போதுதான் எவ்வளவு தொலைந்தது என்று தெரியும்.

இரண்டாவது, உன் விடைத்தாளை யார் திருத்தியது? நீ வைத்த பெயரைத்தானே மாடல் படித்தது. மேலிருந்து வெளிச்சம் அடித்து டைலில் பார்த்தால் கறுத்த ரூட்டைலும் இல்மனைட்டும் எனக்கே குழம்பும். மாடலுக்கு முன்னால் காந்தத்தைக் கொண்டுவா. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிரி, உள்ளே நியோடிமியம் காந்தம் இருக்கும். அதைக் காகிதத்தில் சுற்றி மணலுக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோ. இல்மனைட் துள்ளி வரும், கார்னெட்டும் வரும். ரூட்டைல், சிர்க்கான், சில்லிமனைட் அசையாது. வெளுக்கத் தொடங்கிய பழைய இல்மனைட் கொஞ்சம் சோம்பேறி, அதையும் நினைவில் வை. மணவாளக்குறிச்சி கருமணல் ஆலையிலும் அடிப்படை இந்த மாதிரி வித்தைதான்: எது கனம், எது காந்தத்துக்கு வரும், எது மின்சாரம் கடத்தும். அங்கே பெரிய இயந்திரம், உனக்கு ஹார்ட் டிஸ்க்.

மூன்றாவது வெளிச்சம். டைலைத் தூக்கிப் போடு. கண்ணாடி ஸ்லைடு வை, கீழேயிருந்து எல்.இ.டி. அடி. உடைந்த எல்.சி.டி. திரையிலிருந்து போலரைசர் தாளை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்) உரித்து ஒன்றைக் கீழேயும் ஒன்றைக் குறுக்காக மேலேயும் வை. ஒவ்வொரு இடத்தையும் இரண்டு படம் எடு, மேல் தாள் இல்லாமல் ஒன்று, இருந்து ஒன்று. கார்னெட் முதல் படத்தில் இளஞ்சிவப்பாக இருக்கும், இரண்டாவதில் இருண்டுவிடும், எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டுதான். மோனசைட்டும் சிர்க்கானும் மினுங்கும். இல்மனைட் இரண்டிலும் கருப்பு. உன் மாடல் கார்னெட்டுக்கும் மோனசைட்டுக்கும் குழம்புவது இதோடு நிற்க வேண்டும்.

கடைசியாக, நீ எண்ணுவது எண்ணிக்கை சதவீதம். எடை சதவீதம் இல்லை. துகளின் கன அளவையும் அடர்த்தியையும் பெருக்கினால்தான் எடை. இரண்டையும் கலந்து பேசி யாரிடமும் மாட்டிக்கொள்ளாதே.

நான் மாடலுக்கு எதிரி இல்லை. 300 துகள் எண்ணிய காலத்தில் எங்கள் பெரிய வேதனையே மோனசைட்தான். இரண்டு சதவீதம் இருக்கிறது என்று வை, 300இல் ஆறு துகள். அந்த ஆறு நாலாகவும் வரும், எட்டாகவும் வரும், எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம். நாலை வைத்துக்கொண்டு ஒருவன் அறிக்கை எழுதுவான், எட்டை வைத்துக்கொண்டு இன்னொருவன் சண்டைக்கு வருவான். 3,000 துகளை அசராமல் எண்ணித் தருகிற ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் அறுபது துகள் கிடைத்திருக்கும், பெரும்பாலும் எட்டுக்கு மேல் கூடக்குறைய ஆடாது. உன் கருவியின் பலன் அங்கேதான். 97, 98 என்று மாடலுக்கு மார்க் போடுவதில் இல்லை.

1909இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் இந்த மணலைக் கண்டுபிடித்தது கரைக்கு வந்து அல்ல. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து. அதில் மோனசைட் மின்னியது. அந்தக் காலத்தில் கேஸ் விளக்கின் மேன்டிலுக்கு (ஒளிரும் வலைக்கு) தோரியம் வேண்டும், அதற்காக மணலின் ஊரைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்துவிட்டார். ஒட்டியிருந்த மணலே போதுமாக இருந்தது அவருக்கு. உனக்கும் ஒரு தீப்பெட்டி அளவு போதும், மூட்டை கட்டாதே. மோனசைட் அணுக்கனிமப் பட்டியலில் இருப்பது. சுரங்கக் குத்தகை நிலத்துக்குள்ளும் கால் வைக்காதே.

---

மண்டைக்காட்டுக்காரன்:

மூன்று ஞாயிறு கழித்து வருகிறேன். அக்கா, ஐயா, இரண்டு பேர் சொன்னதையும் செய்தேன். கோடர் தம்பி சொன்ன படம் பெருக்குவதையும் விடவில்லை.

முதலில் பழைய படங்களையே கரை கரையாகப் பிரித்து ஓட்டினேன். 97 எங்கே போனதென்று தெரியவில்லை. முட்டத்தை மறைத்தபோது 58, கடியப்பட்டணத்தை மறைத்தபோது 66.

முட்டம் ஏன் இவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சந்தேகத்தில், முட்டத்துப் படங்களில் துகளே இல்லாத மூலையை வெட்டினேன். வெறும் டைல். அப்படி இருபது துண்டுகளை, எல்லாப் படங்களையும் வைத்து முதலில் பழக்கிய அந்த 97% மாடலிடம் கொடுத்தேன். இருபதில் பதினெட்டுக்கு "கார்னெட்" என்றது, அதுவும் கொஞ்சமும் தயங்காமல்! மணவாளக்குறிச்சிப் படங்களின் வெறும் டைலைக் கொடுத்தால் "இல்மனைட்".

அப்புறம்தான் நினைவு வந்தது. மணவாளக்குறிச்சிப் படங்கள் மத்தியானம் முற்றத்தில் எடுத்தவை. முட்டத்து சாம்பிள் நாலையும் ஒரே ராத்திரியில், கரண்ட் போய் வந்த பிறகு, அடுக்களையின் மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தேன். அந்த நாலில்தான் கார்னெட் அதிகம். டைல் மஞ்சளாக இருந்தால் கார்னெட் என்று மாடல் கற்றுக்கொண்டிருக்கிறது. நான் ஒரு வருஷம் பாடுபட்டு என் வீட்டு பல்பை அடையாளம் காணும் கருவி செய்து வைத்திருக்கிறேன்.

காந்தம் பற்றி. வீட்டில் செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. நான் ரூட்டைல் என்று பெயர் வைத்த துகள்களில் ஐம்பதை ஊசி முனையால் தனியாக நகர்த்தி வைத்து, மேலே காந்தத்தைக் கொண்டுபோனேன். இருபத்து மூன்று துள்ளி ஒட்டிக்கொண்டன. ஐயா, உங்கள் முகம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நின்று சிரிப்பது மாதிரி இருந்தது.

இப்போது செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் எல்.இ.டி., மேலே ஸ்லைடு, பழைய மானிட்டரில் உரித்த போலரைசர் தாள். (தாளை உரிப்பதற்குள் விரல் நகம் போய்விட்டது. வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் எளிதாக வருகிறது.) மழையானாலும் வெயிலானாலும் அதே பெட்டி, அதே வெளிச்சம். துகளை வெட்டுவது அக்கா சொன்ன செக்மென்ட்-எவ்ரி-கிரெய்ன். போலரைசர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு படத்தையும் சேர்த்து மாடலுக்குக் கொடுக்கிறேன். ரெஸ்நெட்-18 அதேதான், மாற்றவில்லை.

நாலு கரையில் ஒன்றை மறைத்து மறைத்துச் சோதித்தால் சராசரி 84. கார்னெட், மோனசைட் குழப்பம் கிட்டத்தட்ட இல்லை. ரூட்டைல் இன்னும் தகராறு, அதைக் காந்தத்திடமே விட்டுவிட்டேன். கழுவாத மணலை எண்ணியபோது சில்லிமனைட் நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. வாய்க்காலுக்குப் போனது போனதுதான்.

மணக்குடி, குளச்சல், மிடாலம் பக்கம் யாராவது இருந்தால் ஒரு தீப்பெட்டி மணல் தருவீர்களா? நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

---

தக்கலைக்காரி:

84 நல்ல மதிப்பெண் தம்பி, நம்பலாம். மணக்குடியில் என் மாமா இருக்கிறார், பாலத்துக்குப் பக்கத்தில். சொல்லி வைக்கிறேன். எந்த இடம், எந்தத் தேதி, அலை ஏறிய கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று தீப்பெட்டி மேலேயே எழுதச் சொல்கிறேன்.

---

பழைய சுத்தியல்:

அந்த வெறும் டைல் படங்களை அழித்துவிடாதே மக்கா. வெறும் கண்ணாடியையும் கொஞ்சம் படம் எடுத்து, இரண்டையும் பயிற்சியில் தனி வகையாகச் சேர். ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்ல அதற்கும் தெரிய வேண்டும்.

---

மண்டைக்காட்டுக்காரன்:

சேர்த்தாயிற்று ஐயா. எட்டாவது வகைக்கு 'அடுக்களை பல்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.